வாசகர் கேள்வி – பதில்: பழைய குளியல் தொட்டியின் பித்தளையும் இரும்பும்

பழைய வீடுகளின் பூட்டு, கீல், தொங்குவிளக்கு ஆகியவற்றைப் பேணுவது பற்றி இந்தப் பகுதியில் முன்னர் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் ஐந்து, குளியல் தொட்டியின் உலோகப் பாகங்களைப் பற்றியவை. ஐந்தும் திருகோணமலையிலிருந்தும் அதன் அயலூர்களிலிருந்தும் வந்திருப்பதால், அவற்றை ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மதிப்புக்குரிய ஐயா, எங்கள் வீடு உவர்மலையில் உள்ளது. ஆங்கிலேயர் 1957ஆம் ஆண்டு கடற்படைத் தளத்தைக் கையளித்துச் சென்ற காலத்தில் என் அம்மப்பா விலைக்கு வாங்கியதாக வீட்டில் சொல்லப்படும் ஒரு வார்ப்பிரும்புக் குளியல் தொட்டி எங்களிடம் இருக்கிறது. சிங்கத்தின் பாதம் போன்ற நான்கு கால்கள், இரண்டு குழாய்கள், நிரம்பிய நீர் வழியும் துளைமூடி, அடிவாய், சங்கிலியோடு கூடிய அடைப்பான் எல்லாம் முழுமையாக உள்ளன. குழாய்கள் மங்கிய வெள்ளையாகவும் கைபட்ட இடங்களில் மஞ்சளாகவும் இருக்கின்றன. இடுக்குகளில் பச்சை படிந்திருக்கிறது. கால்களில் பல தடவை பூசிய பெயின்ட் உரிந்து கறள் தெரிகிறது. புளி போட்டுத் தேய்த்தால் போதும் என்கிறார் அம்மா. எல்லாவற்றையும் கொழும்புக்கு அனுப்பிக் குரோம் போட்டால் புதிதாகிவிடும் என்கிறார் அத்தான். யார் சொல்வதைக் கேட்பது? — உவர்மலை வாசகி

பதில்: இருவர் சொல்வதையும் இப்போதைக்குக் கேட்க வேண்டாம். நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியில்தான் முக்கியமான செய்தி இருக்கிறது. மங்கிய வெள்ளை, கைபட்ட இடத்தில் மஞ்சள் என்றால், அந்த வெள்ளையை அழுக்கென்று நினைத்துவிடக் கூடாது. அது பித்தளையின் மேல் இடப்பட்ட பழைய நிக்கல் முலாமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எழுபது எண்பது ஆண்டுகளாகக் குழாயைத் திருகிய கைகள் முலாமைத் தேய்த்து, அடியிலிருக்கும் பித்தளையை வெளிக்கொண்டு வந்திருக்கின்றன. இதை அறியாமல் மஞ்சள் நிறம் முழுவதும் வரும்வரை தேய்ப்பவர்கள், சுத்தம் செய்கிறோம் என்று எண்ணிக்கொண்டே அந்தப் பொருளின் மூலப்பூச்சை அழித்துவிடுகிறார்கள். நான் கண்ட பழைய குழாய்களில், கெட்டுப்போனவற்றைவிடச் சுத்தம் செய்து கெடுக்கப்பட்டவையே அதிகம்.

நிக்கலா குரோமா என்பதைக் கண்ணாலேயே அறியலாம். நிக்கலின் வெண்மையில் இலேசான மஞ்சள் சாயல் உண்டு. பழைய வெள்ளிக் குங்குமச் சிமிழின் நிறத்துக்கு அது நெருக்கமானது. குரோமின் வெண்மை நீலம் கலந்தது, குளிர்ந்தது. குரோம் முலாம் குளியலறைப் பொருட்களில் பரவலானது 1920களின் பிற்பகுதியிலிருந்துதான். அதற்கு முற்பட்ட பளபளப்பான குழாய்கள் நிக்கல் பூசியவையாகவோ வெறும் பித்தளையாகவோதான் இருக்கும். ஆகவே உங்கள் குழாய்களில் இருப்பது நிக்கல் என்று உறுதியானால், அம்மப்பா அந்தத் தொட்டியை வாங்கியபோதே அது பழைய பொருளாக இருந்திருக்கலாம். அதன் மேல் குரோமை ஏற்றுவது, பாட்டியின் பழைய நகைக்கு வெள்ளைக்கல் பதிப்பதைப் போன்ற வேலை.

முதலில் ஒவ்வொரு பாகமும் எந்த உலோகம் என்று பாருங்கள். ஒரு காந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கால்களில் அது பலமாக ஒட்டும், அவை வார்ப்பிரும்பு. பித்தளைக் குழாயில் ஒட்டாது. ஆனால் மேலே நிக்கல் தடிப்பாக இருந்தால் மெல்லிய இழுப்பை உணரலாம், ஏனெனில் நிக்கலும் காந்தத்துக்கு வசப்படும் உலோகமே. காந்தம் சற்றும் ஒட்டாமல், கையில் எடுத்தால் பித்தளையைவிட இலேசாகவும், மேற்பரப்பில் அம்மைத் தழும்பு போன்ற குழிகளோடும் ஒரு பாகம் இருந்தால் அது நாகக் (துத்தநாகக்) கலப்புலோக வார்ப்பு. கைப்பிடிகள் சிலவேளை பிற்காலத்தில் அப்படி மாற்றப்பட்டிருக்கும். அதன்மேல் எந்த அமிலமும் படக் கூடாது. நிமிடக் கணக்கில் அரித்துவிடும். ஐயம் தீராவிட்டால், சுவரைப் பார்த்திருக்கும் பின்பக்க விளிம்பில் சிறு அரத்தால் ஒரு கீறல் போட்டுப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் பித்தளை, சாம்பல் நிறத்தில் வெளிறினால் நாகம்.

இப்போது அம்மாவின் புளிக்கு வருவோம். குத்துவிளக்குக்கும் செம்புக்கும் புளி நல்லதே. அதிலுள்ள தாட்டாரிக் அமிலம் பித்தளையின் கருமையைக் கரைக்கிறது, உலோகத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை. முலாம் இல்லாத பித்தளைப் பாகங்களுக்கு, அதாவது அடிவாய்க்கும் பின்பக்க நட்டுகளுக்கும், அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். இரண்டு நிபந்தனைகள் உண்டு. புளியோடு உப்பைச் சேர்க்கும் வழக்கத்தை இங்கே கைவிட வேண்டும். நம் ஊர்க் காற்றே போதிய உப்பைக் கொண்டுவருகிறது, அந்தப் பச்சைப் படிவுக்கும் அதுவே பெரிதும் காரணம். கழுவிய பின் சிறிது அப்பச்சோடா கரைத்த நீரில் தோய்த்து, நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசி, உடனே துடைத்து வெயிலில் காயவிட வேண்டும். நிக்கல் எஞ்சியிருக்கும் பரப்புக்குப் புளியும் வேண்டாம், தும்பும் வேண்டாம். இளஞ்சூட்டுச் சவர்க்கார நீரால் கழுவியபின், வெள்ளிப் பாத்திரத்துக்குச் செய்வதைப் போலவே, நன்கு சலித்த திருநீற்றை ஈரப் பருத்தித் துணியில் தொட்டு மெதுவாகத் தேயுங்கள். மங்கல் விலகி மென்மையான ஒளி வரும். வந்ததும் கையை நிறுத்திவிட வேண்டும்.

கடும் அமிலத்தை நாடாதீர்கள் என்று சொல்லும் உரிமை எனக்கு உண்டு. இளவயதில், ஒரு சோடிக் குழாயில் படிந்திருந்த சுண்ணப் படிவைப் போக்குவதற்காக அவற்றை உப்பமிலக் கரைசலில் இட்டுவிட்டு, ஒரு மணித்தியாலத்தில் எடுக்கலாம் என்று வெளியே சென்றவன் மறுநாள்தான் திரும்பினேன். குழாய்கள் மஞ்சளாக இல்லை. பச்சைப் புண்ணின் நிறத்தில் சிவந்திருந்தன. பித்தளை என்பது செம்பும் நாகமும் கலந்தது. அமிலம் மேற்பரப்பின் நாகத்தை முதலில் கரைத்துக்கொண்டு செம்பை நொய்ந்த தோலாக விட்டுவிடுகிறது. உப்புநீர் ஆண்டுக்கணக்கில் செய்வதும் இதையேதான். உங்கள் குழாய்களில் எங்காவது மஞ்சளுக்குப் பதிலாக இளஞ்சிவப்புத் திட்டுகள் தெரிந்தால், அந்த இடத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். பொருபொருவென்று உதிர்ந்தால் அந்தப் பாகத்துக்கு எந்த முலாமும் உயிர் தராது.

அம்மோனியா கலந்த பொலிஷ் வகைகளிலும் கவனம் தேவை. பிரித்தானிய இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களுக்கு அருகே சேமித்து வைத்த துப்பாக்கி ரவைகளின் பித்தளை உறைகள் தாமாகவே வெடித்துக் கீறின. குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும் ஈரமும், இழுத்து உருவாக்கிய பித்தளையின் உள்ளே தங்கியிருந்த இறுக்கமும் சேர்ந்தே அந்த வெடிப்பை உண்டாக்கின என்பது பிற்பாடு தெரியவந்தது. கனத்த வார்ப்புக் குழாய்க்கு இந்த ஆபத்துக் குறைவு. ஆனால் மெல்லிய தகட்டை அழுத்திச் செய்த துளைமூடியும், இழுத்துச் செய்த நீர்க்குழாயும் அந்த ரவை உறைகளின் உறவினர்தாம். அவற்றை அம்மோனியாவில் ஊறவைக்கக் கூடாது.

கழற்றும்போது அவசரம் வேண்டாம். ஒவ்வொரு நட்டிலும் ஊடுருவும் எண்ணெயை மாலையில் விட்டு மறுநாள் காலையில் முயலுங்கள். இளகாவிட்டால் மீண்டும் எண்ணெய் விட்டு இன்னொரு நாள் பொறுங்கள். ஸ்பானரின் பல் படும் இடத்தில் பழைய தோற்செருப்பின் துண்டு ஒன்றைச் சுற்றிக்கொண்டால் தழும்பு விழாது. சுத்தியலால் தட்டுவது முற்றாகக் கூடாது, ஏனெனில் தொட்டியின் உட்பரப்பு இரும்போடு உருக்கி ஒட்டிய கண்ணாடி. வெளியே தட்டினால் உள்ளே சில்லுப் பெயரும். கைப்பிடியின் உச்சியில் 'ஹொட்', 'கோல்ட்' என்று ஆங்கிலத்தில் எழுதிய பீங்கான் வில்லைகள் இருந்தால் அவற்றை முதலில் எடுத்துப் பஞ்சில் சுற்றி வையுங்கள். அவை தொலைந்தால் அதே அளவில் கிடைப்பது கடினம்.

கழுவித் துடைத்த பின்னும் நிக்கல் பாதிக்கு மேல் போய்விட்டதாகத் தெரிந்தால், அப்போது புதிய முலாம் பற்றி யோசிக்கலாம். அத்தானின் கொழும்புப் பயணம் அங்கேதான் தொடங்க வேண்டும். மோட்டார் வண்டிகளின் பம்பர்களுக்கு முலாமிடும் பட்டறைக்காரருக்குக் குழாயைக் கொடுக்கும்போது சொல்ல வேண்டிய சில விடயங்கள் உண்டு. வேண்டியது நிக்கல் மட்டுமே, அதன்மேல் குரோம் வேண்டாம் என்று எழுத்தில் கொடுங்கள். இல்லாவிட்டால் வழக்கப்படி குரோமும் ஏறிவிடும். முலாமின் பளபளப்பு அடியிலிருக்கும் உலோகத்தின் பளபளப்பே என்பதால் அவர்கள் முதலில் சுழல்சக்கரத்தில் வைத்துத் தேய்ப்பார்கள். விளிம்புகளும் பொறித்த எழுத்துகளும் மழுங்கும் அளவுக்குத் தேய்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிறு குழிகளை நிரப்ப வேண்டுமானால், நிக்கலுக்கு முன்பு செம்பை ஏற்றி அதைத் தேய்த்து மட்டப்படுத்தலாம். அனுபவமுள்ள பட்டறைகள் இதை அறியும். திருகு மரைகளும், நீரை மூடும் வொஷர் அமரும் இருக்கையும் முலாம் ஏறாதவாறு மறைக்கப்பட வேண்டும். நிக்கலின் தடிப்பு 20 முதல் 25 மைக்ரோன்வரை, அதாவது ஒரு மில்லிமீற்றரின் நாற்பதில் ஒரு பங்குவரை, இருந்தால் நம் ஊருக்குத் தாங்கும். கொடுக்கும் பாகங்களை எண்ணி, ஒவ்வொன்றையும் படம் எடுத்து, பிரதியொன்றில் பட்டறைக்காரரின் கையொப்பம் வாங்கிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கால்களின் கதை வேறு. அவற்றுக்கு முலாம் வேண்டாம் என்பதே என் கருத்து. நிக்கலும் குரோமும் இரும்பைவிடக் குறைவாக அரிபடும் உலோகங்கள். ஆகையால் அவை இரும்பை ஒரு போர்வையைப் போல மூடிக் காக்குமேயன்றி, நாகத்தைப் போலத் தம்மைக் கொடுத்துக் காக்க மாட்டா. போர்வையில் ஊசிமுனையளவு துளை இருந்தாலும், அந்த ஒரு துளையின் அடியில் இரும்பு முன்னிலும் வேகமாகக் கறள் பிடிக்கும். மணல் அச்சில் வார்த்த சொரசொரப்பான காலில் அத்தகைய துளைகள் இல்லாமலிருப்பது அரிது. சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்து வளர்ந்தவருக்கு, இந்தக் காற்று இரும்பை என்ன செய்யும் என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கால்களுக்கு வர்ணப்பூச்சே தகும். அதை எப்படிச் செய்வது என்பதை அடுத்த கேள்விக்கான பதிலில் பாருங்கள்.

கழற்றுமுன் ஒவ்வொரு காலிலும், அது பொருந்தும் தொட்டியின் அடியிலும் ஒரே இலக்கத்தைச் சுண்ணக்கட்டியால் எழுதுங்கள். நான்கும் ஒன்றுபோலத் தெரிந்தாலும், வார்ப்புச் சாலையில் அந்தந்த இடத்துக்கு உராய்ந்து பொருத்தியவையாக இருக்கக்கூடும். மாறிப் போட்டால் தொட்டி தள்ளாடும். வெறுந்தொட்டியே 100 கிலோவுக்குக் குறையாது. நான்கு பேர் சேர்ந்து, பழைய டயர்களின் மேல் கவிழ்த்து வையுங்கள். அடிப்பக்கத்தில் வார்ப்பில் எழுத்துகள் ஏதும் தெரிந்தால் சுரண்டாமல் படம் எடுத்துக்கொள்ளுங்கள், செய்தவரின் பெயராக இருக்கலாம். ஸ்கொட்லாந்தில் 1759ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கரன் வார்ப்பாலை, கடற்படைக் கப்பல்களுக்குக் 'கரனேட்' என்ற குறும்பீரங்கியை வார்த்துப் பெயர் பெற்றது. அதே ஆலை பிற்காலத்தில் குளியல் தொட்டிகளையும் வார்த்தது. பீரங்கிகள் நிறைந்த இந்தத் துறைமுகத்தில், ஒரு தொட்டியின் அடியில் அந்தப் பெயர் இருந்தால் வேடிக்கையாகத்தான் இருக்கும்.

கேள்வி: பழைய தொட்டியின் இரும்புக் கால்களை நானே கிரைண்டரால் சுத்தம் செய்து, மறுநாள் கறுப்பு எனாமல் பெயின்ட் அடித்தேன். ஆறு மாதத்துக்குள் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. பெயின்ட் தரமற்றதா? — சாம்பல்தீவு வாசகர்

பதில்: பெயின்ட்டின் மேல் பழி போடுவதற்கு முன் 'மறுநாள்' என்ற சொல்லைப் பாருங்கள். கடலோரத்தில், உரித்த இரும்பு ஓரிரவு திறந்திருந்தால் விடிவதற்குள் செந்நிறத் தூசு படிந்துவிடும். அதைவிடப் பெரிய காரணம் கண்ணுக்குத் தெரியாது. பழைய கறளின் குழிகளுக்குள் உப்பு ஒளிந்திருக்கிறது. கிரைண்டர் மேட்டைத் தேய்த்துப் பளபளக்கச் செய்யுமேயன்றிக் குழிக்குள் போகாது. அந்த உப்பின் மேல் பெயின்ட் பூசினால், காற்றின் ஈரத்தை உப்பு பூச்சினூடாகவே உறிஞ்சிச் சேர்த்துக்கொள்கிறது. உங்கள் கொப்புளம் ஒன்றை ஊசியால் குத்திப் பாருங்கள். நீர் வந்தால் நான் சொன்னது உறுதி.

மீண்டும் செய்யும்போது, பழைய பூச்சை உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள். அந்தக் காலத்துப் பெயின்ட்களில் ஈயம் இருந்தது. அதன் தூசு சிறுபிள்ளைகளின் மூளைக்குக் கேடு. ஊதுவிளக்கால் எரித்து உரிப்பது இன்னும் கேடு, ஈயம் புகையாகிவிடும். பெயின்ட்டை இளக்கும் பசையைப் பூசி ஈரமாகவே வழித்தெடுத்துத் தாளில் சுற்றி அப்புறப்படுத்துங்கள். கையுறையும் முகமூடியும் கட்டாயம்.

கறளுக்கு மின்பகுப்பு முறை நல்லது. குழிக்குள் புகுந்து வேலை செய்யும் ஒரே எளிய வழி அது. ஒரு பிளாஸ்ரிக் வாளி நீரில், நான்கு லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி என்ற அளவில் சலவைச் சோடாவைக் கரைத்து, காலை நடுவில் தொங்கவிட்டு, வாளியின் ஓரங்களில் கட்டடக் கம்பித் துண்டுகளை நிறுத்துங்கள். 12 வோல்ற் பற்றரி சார்ஜரின் மறைமுனையைக் காலுக்கும், நேர்முனையைக் கம்பிகளுக்கும் கொடுங்கள். இந்த இரண்டும் மாறினால் கால் கரையும், கம்பி சுத்தமாகும். காலும் கம்பியும் ஒன்றையொன்று தொடக் கூடாது. ஐதரசன் வாயு வெளிவரும். திறந்த வெளியில் செய்யுங்கள், அருகே பீடியும் அடுப்பும் வேண்டாம், முனைகளைத் தொடுமுன் சார்ஜரை அணையுங்கள். கம்பிக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகைப் பயன்படுத்தவே கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவில் நீரில் கரையும். முலாம் எஞ்சியிருக்கும் பாகத்தையும் பித்தளையையும் இந்த வாளிக்குள் விட வேண்டாம்.

வெளியே எடுத்ததும் கறுப்புச் சேற்றைத் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். கழுவும் நீர் கிணற்று நீராக இருந்தால், நாவில் ஒரு துளி வைத்துப் பார்க்கும்போது உவர்ப்புத் தட்டுகிறதா என்று கவனியுங்கள். கடலோரக் கிணறானால் கந்தளாய்க் குளத்து நீர் வரும் குழாயை நாடுங்கள். கழுவுவதன் நோக்கமே உப்பைப் போக்குவதுதான். துடைத்து, வெயிலில் சூடேற்றி, அன்று மாலைக்குள் கறள் தடுக்கும் முதற்பூச்சை அடித்துவிட வேண்டும். மீன்பிடி வள்ளங்களுக்கு விற்கப்படும் எப்பொக்ஸி முதற்பூச்சு நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும். அதன்மேல் இரண்டு மெல்லிய பூச்சாக நீங்கள் விரும்பும் நிறம். குழியில் சிறிது கறள் எஞ்சினால், தனின் அமிலமோ பொசுபோரிக் அமிலமோ கலந்த கறள்மாற்றியைத் தடவலாம். தனின் கலந்தது இரும்பைக் கருநீலமாக்கும். வாழைப்பூ நறுக்கிய கத்தி கறுப்பதும் இதே வேதியியல்தான்.

பருவமும் பார்க்க வேண்டும். ஐப்பசி பிறந்து மாரி தொடங்கினால் தைவரை இந்த வேலையைத் தள்ளிவையுங்கள். காற்றின் ஈரப்பதன் 85 வீதத்தைத் தாண்டும்போதும், இரும்பு பனிபடியும் அளவுக்குக் குளிர்ந்திருக்கும்போதும் பெயின்ட் ஒட்டாது. கச்சான் காற்று வீசும் மாதங்கள் உகந்தவை. அது தரையிலிருந்து வரும் காய்ந்த காற்று. என்ன, மணலையும் கூடவே கொண்டுவந்து ஈரப் பெயின்ட்டின் மேல் தூவிவிடும். ஆகையால் காலையில் காற்று எழுவதற்கு முன் பூசி முடித்துவிடுங்கள்.

கேள்வி: நிலாவெளியில் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறேன். 1950களைச் சேர்ந்த குளியல் தொட்டிக் குழாய்களில் குரோம் முழுவதும் பொட்டுப் பொட்டாகப் பழுப்புப் புள்ளிகள். வீட்டிலேயே குரோம் முலாமிடும் மருந்துத் தொகுதி இணையத்தில் விற்கிறார்கள். வாங்கலாமா? — நிலாவெளி வாசகர்

பதில்: வாங்காதீர்கள். பழைய முறையில் குரோம் முலாமிடும் கரைசல்களில் இருப்பது அறுவலுக் குரோமியம். அது புற்றுநோயை உண்டாக்குவது. அதன் கழிவை மண்ணில் ஊற்றினால் உங்கள் கிணற்றுக்கும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் போகும். நிலாவெளியின் மணல் எதையும் தடுத்து நிறுத்தாது.

புள்ளிகள் எல்லாம் பாழ் என்றும் பொருளில்லை. அலங்காரக் குரோம் மிக மெல்லியது, பெரும்பாலும் அரை மைக்ரோனுக்கும் குறைவு. அதன் அடியிலிருக்கும் நிக்கல்தான் உண்மையான காவல். உணவு சுற்றும் அலுமினியத் தாளைக் கசக்கி நீரில் நனைத்து, புள்ளிகளின் மேல் வட்டமாகத் தேய்த்துப் பாருங்கள். அலுமினியம் குரோமைவிட மென்மையானது, ஆதலால் கீறாது. பழுப்புப் படிவை மட்டும் வழித்துவிடும். சுண்ணப் படிவு கலந்திருந்தால் தேசிக்காய்ச் சாற்றைத் துணியில் நனைத்துப் பதினைந்து நிமிடம் சுற்றி வைத்துக் கழுவுங்கள், அதற்கு மேல் வேண்டாம். கழிவறை கழுவும் அமிலத் திரவத்தைப் பணியாளர்கள் குழாயின் மேலும் ஊற்றுவது விடுதிகளில் வழக்கம். முதலில் அதை நிறுத்துங்கள். உப்பமிலம் குரோமைக் கரைத்துவிடும், தொட்டியின் உட்பரப்பின் மினுக்கையும் தின்றுவிடும்.

தேய்த்தபின் குழிகள் தெரிந்தால், அவை தெரிந்துகொண்டே இருக்கட்டும். விருந்தினர் வருவது கடலில் குளிக்க.

கேள்வி: எங்களிடம் உள்ள பழைய பித்தளைக் குழாய்கள் இக்காலப் பிளாஸ்ரிக் குழாய் இணைப்புகளோடு பொருந்துமா? — மூதூர் வாசகர்

பதில்: பிரித்தானியத் தயாரிப்பானால் பெரும்பாலும் பொருந்தும். குளியல் தொட்டிக் குழாய்க்கு முக்கால் அங்குலம், கைகழுவும் தொட்டிக்கு அரை அங்குலம் என்ற பிரித்தானிய மரை அளவே இங்கு இன்றும் புழக்கத்தில் உள்ளது. அமெரிக்கத் தயாரிப்பானால் மரையின் கோணமே வேறு, 55 பாகைக்குப் பதில் 60. இரண்டு சுற்று ஏறியபின் இறுகும், பலவந்தப்படுத்தினால் வெடிக்கும். லேத் பட்டறையில் இடையிணைப்பு ஒன்று கடைந்து வாங்கலாம். வொஷரை மாற்றியும் ஒழுகினால் பழுது இருக்கையில் இருக்கிறது. அதையும் லேத்தில் மட்டப்படுத்தித் தருவார்கள். பழைய பித்தளையில் ஈயம் கலந்திருக்கும் என்பதால், அந்தக் குழாயின் நீர் குளிப்பதற்கு மட்டுமே, குடிப்பதற்கல்ல.

கேள்வி: முலாம் எதுவுமில்லாத பித்தளைக் குழாய்களை மினுக்கினால் ஒரு கிழமையில் கறுத்துவிடுகின்றன. நிறமற்ற வார்னிஷ் பூசினால் நிலைக்குமா? — கிண்ணியா வாசகி

பதில்: அலுமாரியில் வைக்கும் பொருளுக்கு நிலைக்கும். ஈரக் கை படும் குழாய்க்கு நிலைக்காது. வார்னிஷ் முதலில் விளிம்பிலும் கைப்பிடியிலும் தேயும். உப்பு ஈரம் அந்த வழியாகப் பூச்சின் அடியில் புழுவைப் போல ஊர்ந்து கறுப்புக் கோடுகளை இடும். அப்போது மினுக்கவும் முடியாது, முழு வார்னிஷையும் தின்னரால் கழற்றினால்தான் உண்டு. கிண்ணியாவைப் போல மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த ஊரில் அந்த வேலையை ஆண்டுதோறும் செய்ய உங்களுக்குப் பொறுமை இருக்குமென்று நான் நினைக்கவில்லை.

தேன்மெழுகைச் சூடான நீரின் மேல் வைத்த கிண்ணத்தில் உருக்கி, அடுப்பை அணைத்து அப்பால் எடுத்துச் சென்ற பின், சம அளவு தேர்ப்பந்தைன் ஊற்றிக் கலக்கி ஆறவிடுங்கள். வெண்ணெய் போன்ற பதம் வரும். மினுக்கிய குழாயை வெயிலில் வைத்துக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, இந்த மெழுகை மிக மெல்லிதாகத் தடவி, கால் மணித்தியாலம் கழித்துத் துணியால் துடையுங்கள். கைபடும் இடங்களுக்கு மாதம் ஒருமுறையும் மற்ற இடங்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் தடவினால் போதும். மீண்டும் மினுக்கத் தேவையில்லை. பித்தளை மெதுவாகத் தேன்நிறத்துக்கு இறங்கி அங்கேயே நிற்கும். எனக்கு அந்த நிறமே பிடிக்கும், ஆனால் இது விருப்பத்தைப் பொறுத்தது. குழாயின் தலையில் பொறித்த எழுத்துகளின் பள்ளத்தில் தங்கும் மெழுகைப் பழைய பற்தூரிகையால் அன்றே எடுத்துவிடுங்கள். காய்ந்தால் வெள்ளையாகத் தெரியும்.